பழனி மலைத்தொடர்: விளிம்பு, மேகம், புல்வெளி

கொடைக்கானலுக்கு ஆண்டுதோறும் பல லட்சம் பேர் வந்து போகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏரியையும் பூங்காவையும் சில காட்சி முனைகளையும் வாகனத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு மலையிறங்கி விடுவதால், அந்த ஊரைத் தாங்கி நிற்கும் பழனி மலைத்தொடர் எப்படிப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. இந்த மலையில் நாம் வியந்து பார்க்கும் ஒவ்வொரு காட்சிக்கும் பாறையிலோ காற்றிலோ மனிதரின் செயலிலோ ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்கள் நடந்து செல்பவருக்கே தெளிவாகப் புலப்படுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரிந்து நீளும் கிளையே பழனி மலைத்தொடர். கிழக்கு மேற்காகச் சுமார் 65 கிலோமீட்டரும் வடக்குத் தெற்காகச் சுமார் 40 கிலோமீட்டரும் பரந்திருக்கும் இது, மேற்கே ஆனைமலையோடு இணைந்திருக்கிறது. வடக்கே பழனி, ஒட்டன்சத்திரம் பகுதிகளின் சமவெளியும், தெற்கே பெரியகுளத்தை ஒட்டிய வைகைப் பள்ளத்தாக்கும் இதன் எல்லைகள். உள்ளூர் மக்கள் இதை மேல்மலை, கீழ்மலை என்று இரண்டாகப் பிரித்தே பேசுகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் முதலிய கீழ்மலை ஊர்கள் அமைந்துள்ளன. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை ஆகியவை மேல்மலையைச் சேர்ந்தவை. தொடரின் மிக உயரமான வந்தரவு முடி 2,553 மீட்டர் உயரம் கொண்டது. கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், மேல்மலையின் தென்கிழக்கு விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. இந்த மலைத்தொடரின் புகழ்பெற்ற காட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு, நகரம் விளிம்பை ஒட்டி அமைந்ததே காரணம்.

தெற்கு விளிம்பில் நின்று கீழே பார்ப்பவர் காண்பது, உயர அளவில் ஏறத்தாழ 1,800 மீட்டர் வேறுபாட்டை. பெரியகுளம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. பறவை பறக்கும் தொலைவில் அந்த ஊர் மிக அருகில் உள்ளது. ஆனால் இடையில் இருக்கும் சரிவோ நெட்டுக்குத்தானது. மலை படிப்படியாகத் தணிந்து சமவெளியில் கலந்திருந்தால் முன்னால் இருக்கும் குன்றுகளே பார்வையை மறைத்திருக்கும். இங்கே அப்படி எதுவும் குறுக்கே நிற்காததால், காற்று தெளிந்திருக்கும் காலையில் பெரியகுளத்தின் தோப்புகளும் வைகை அணையின் நீர்ப்பரப்பும் ஒரே பார்வையில் விரிகின்றன. உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6 டிகிரி குறையும் என்பதால், கீழே வெயிலில் வாடும் ஊருக்கும் மேலே கம்பளி போர்த்தி நிற்பவருக்கும் இடையே 10 டிகிரிக்கு மேற்பட்ட வேறுபாடு இருக்கிறது.

இத்தனை செங்குத்தான விளிம்பு நிலைத்திருப்பதற்குப் பாறையின் தன்மை உதவுகிறது. சார்னோகைட் எனப்படும் மிகக் கடினமான உருமாறிய பாறை இங்கே பெருமளவில் உள்ளது. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, பூமியின் மேலோட்டில் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிய பாறை இது. மேலிருந்த அடுக்குகள் அரித்துச் செல்லப்பட்ட பிறகே வெளியே தெரிந்தது. இப்படிப்பட்ட பாறை எளிதில் பொடிந்து சரிவதில்லை. ஆனால் அதில் செங்குத்தான வெடிப்புகள் உண்டு. மழைநீர் அவ்வெடிப்புகளில் இறங்கி, லட்சக்கணக்கான ஆண்டுகளாக அவற்றை அகலப்படுத்திக்கொண்டே வந்திருக்கிறது. ஏறக்குறைய 120 மீட்டர் உயரத்துக்குத் தனித்து நிற்கும் தூண் பாறைகள் அந்த வேலையின் ஒரு விளைவு. அவற்றுக்கு அருகே குணா குகை என்று அழைக்கப்படும் இடத்தில் உள்ள ஆழமான பிளவுகள் இன்னொரு விளைவு. அந்தப் பிளவுகளின் வாய் செடிகளாலும் வேர்களாலும் மூடிக் கிடப்பதால் மேலே நிற்பவருக்கு ஆழம் தெரிவதில்லை. அங்கே பலர் உயிரிழந்த பிறகே கம்பி வேலி போடப்பட்டது. இந்தத் தொடரில் எங்கே வேலி இருந்தாலும் அதைத் தாண்டாமல் இருப்பதற்கு, பாறையின் இயல்பைத் தெரிந்துகொள்வதே போதுமான காரணம்.

விளிம்பு கிடைத்தாலும் காட்சி கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அதைத் தீர்மானிப்பது மேகம். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தங்குகிறது. சூரியன் ஏறியதும் சரிவுகள் சூடேறி, அவற்றை ஒட்டியுள்ள ஈரக்காற்று மேல்நோக்கி நகர்கிறது. நகரும்போது குளிர்ந்து மேகமாகிறது. ஆகையால் காலை ஏழு மணிக்குத் தெளிவாகத் தெரிந்த பள்ளத்தாக்கு பதினொரு மணிக்குள் வெண்மையாக மூடிக்கொள்வது இங்கே வழக்கமான நிகழ்வு. விடுதியில் சாவகாசமாகச் சிற்றுண்டி முடித்துக் கிளம்புகிறவர்கள் பனிமூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்புவதை நாள்தோறும் காணலாம். கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைந்த வரலாறும் இந்தக் காலை நேரத்தோடு தொடர்புடையது. சென்னையில் இருந்த வானாய்வுப் பணிகள் தெளிவான வானத்தைத் தேடி 1899-இல் இங்கே மாற்றப்பட்டன. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் இங்கிருந்தே கண்டறிந்தார். நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனின் படங்கள் தொடர்ந்து எடுக்கப்பட்டுவரும் இடம் அது. ஆய்வாளர்கள் எந்தக் காலை நேரத்தைப் போற்றினார்களோ, அதே நேரம்தான் நடப்பவருக்கும் உகந்தது.

மேகம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று கருதவும் வேண்டியதில்லை. லெப்டினன்ட் கோக்கர் 1872-இல் அமைத்த கோக்கர்ஸ் வாக் என்னும் ஒரு கிலோமீட்டர் நடைபாதை, மலையின் விளிம்பையே வளைந்து தொடர்ந்து செல்கிறது. பிற்பகலில் சூரியன் முதுகுப்பக்கம் இருக்க, எதிரே பள்ளத்தாக்கில் மேகம் திரண்டு நின்றால், நிற்பவரின் நிழல் அந்த மேகத்தின் மீது விழுந்து, தலையைச் சுற்றி நிறவளையங்களோடு தோன்றுவதுண்டு. மேகத்திலுள்ள நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புவதால் இது நிகழ்கிறது. ஒருவருக்குத் தம் தலையைச் சுற்றிய வளையம் மட்டுமே தெரியும். அருகில் நிற்பவருடைய வளையம் தெரியாது. அபூர்வமாகவே வாய்க்கும் இக்காட்சிக்காகக் காத்திருப்பது வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

பருவத்தைப் பொறுத்தவரை, இந்தத் தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளிலிருந்து வேறுபடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் பெருமழையை மேற்கேயுள்ள ஆனைமலையும் மூணாறு மலைகளும் முதலில் வாங்கிக்கொள்வதால், இங்கே ஜூன், ஜூலை மாதங்களில் தூறலும் காற்றும் மூட்டமுமே மிகுதி. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபரிலும் நவம்பரிலும் கனமழை பெய்கிறது. மழை விட்ட டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை காற்றில் தூசி குறைவு, வானம் தெளிவு; தாழ்வான புல்வெளிகளில் விடியற்காலையில் உறைபனி படியும். ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் அதிகம், ஆனால் சமவெளியின் வெப்பப் புழுதி தொலைதூரத்தை மங்கச் செய்துவிடும். நெடுந்தொலைவுக் காட்சியை நாடுபவர் கோடை விடுமுறையைத் தவிர்த்து ஜனவரியில் வருவது நல்லது.

மேல்மலையில் நடப்பவர் அவசியம் புரிந்துகொள்ள வேண்டியது சோலையும் புல்வெளியும் சேர்ந்த நில அமைப்பு. மலையின் மடிப்புகளில், ஓடையோரங்களில், மண் ஆழமாகவும் ஈரமாகவும் உள்ள இடங்களில் மட்டும் குட்டையான, பாசி போர்த்திய, இருண்ட சோலைக்காடு வளர்கிறது. முகடுகளிலும் வெளிப்புறச் சரிவுகளிலும் புல்வெளி பரவியிருக்கிறது. இரண்டுக்கும் இடையே எல்லை கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். உறைபனியும் தீயும் காற்றும் மெல்லிய மண்ணும் மரக்கன்றுகளைப் புல்வெளியில் தலையெடுக்க விடுவதில்லை. காடு அழிந்ததால் வந்த வெற்றிடமே புல்வெளி என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. நீலகிரியின் சதுப்பு மண்ணில் படிந்துள்ள கார்பனை ஆராய்ந்தவர்கள், இதே வகையான புல்வெளிகள் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, மலையில் உழவு தொடங்குவதற்கு வெகுகாலம் முன்னரே இருந்தன என்று காட்டியிருக்கிறார்கள். சோலைக்குள் நுழைந்தால் காட்டுப்பூவரசும் நாவல் இனங்களும் நெருங்கி நிற்கும். இத்தொடரின் பெயரையே தாங்கிய பழனிச் சிலப்பன் என்னும் சிறு பறவையின் குரல் பெரும்பாலும் அதன் உருவத்துக்கு முன்பாக வந்து சேரும். தெற்கே உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது.

இன்று வருபவர் மலையில் காண்பதில் பெரும்பகுதி இந்தப் பழைய நில அமைப்பு இல்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. புகைப்படங்களில் அழகாகத் தோன்றும் பைன் காடுகள் மனிதர் நட்டவை. தோல் பதனிடத் தேவையான பட்டைக்காக, ஆங்கிலத்தில் வாட்டில் எனப்படும் சீகை மரமும், காகிதக் கூழுக்கும் விறகுக்குமாகத் தைல மரமும் இருபதாம் நூற்றாண்டில் பெருமளவில் நடப்பட்டன. புல்வெளி பயனற்ற தரிசு என்ற எண்ணமே அதற்குப் பின்னால் இருந்தது. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு இந்த நாற்பது ஆண்டுகளில் மறைந்துவிட்டதாகக் கணக்கிட்டது. மரத்தோட்டங்களும் வேளாண்மையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. சீகையின் விதை மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டினாலும் எரித்தாலும் முன்னிலும் அடர்த்தியாக முளைக்கும். அதனால் அந்நிய மரங்களை அகற்றுவது ஒரு நாள் வேலையாக முடிவதில்லை. சில தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே வளர்ந்துவருவதும் கவனிக்கப்பட்டிருக்கிறது. எனவே அத்தகைய இடங்களை வெட்டாமல் விட்டுவிட்டு, புல்வெளியின் ஓரங்களில் சீகை புதிதாகப் பரவுவதைத் தடுப்பதில் உழைப்பைச் செலவிடலாம் என்ற வாதத்தில் நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டு, சுமார் 600 சதுர கிலோமீட்டர் காடு சட்டப் பாதுகாப்பின்கீழ் வந்திருக்கிறது.

புல்லை இழப்பது அழகை இழப்பது மட்டுமன்று. பெய்யும் மழையைப் புல்வெளியின் மண்ணும் சோலையின் இலைமட்கும் உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைகளில் கசியவிடுகின்றன. தெற்கே இறங்கும் நீர் வைகைப் படுகையைச் சேர்கிறது. மஞ்சளாறு அணையும் சோத்துப்பாறை அணையும் அந்தச் சரிவின் அடிவாரத்தில் உள்ளவை. வடக்கே இறங்கும் குதிரையாறு, பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி போன்றவை அமராவதி வழியாகக் காவிரிப் படுகையைச் சேர்கின்றன. ஒரு முகட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பவர், இரு பெரும் ஆற்றுப் படுகைகளின் நீர்ப்பிரிமேட்டில் நிற்கிறார். காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரி பெரியகுளத்தின் குடிநீர்த் தேவைக்கும் உதவுகிறது. அங்கே செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும்.

இம்மலைக்கு மனிதர் வந்த வழிகளும் அறியத்தக்கவை. பளியரும் புலையரும் இங்கே வாழ்ந்துவந்த காலம் மிகப் பழமையானது. தாண்டிக்குடிப் பகுதியில் காணப்படும் கல்திட்டைகள் பெருங்கற்காலத்தவரின் இருப்பைச் சொல்கின்றன. ஆங்கிலேயர்களில் முதலில் மேல்மலையை அளந்தவர் லெப்டினன்ட் வார்டு, ஆண்டு 1821. மதுரையில் காய்ச்சலாலும் காலராவாலும் குடும்பங்களை இழந்துகொண்டிருந்த அமெரிக்க மிஷன் பாதிரியார்கள் 1845-இல் இங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். மதுரை ஆட்சியர் வெரி லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளைத் தடுத்து இன்றைய ஏரியை உருவாக்கினார். 1875-இல் ரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்தபின் வருவோர் தொகை கூடியது. ஆனாலும் பெரியகுளத்தின் அருகிலிருந்து செண்பகனூர் வரை ஏறிச்செல்ல ஒற்றையடிப் பாதைதான். வசதியுள்ளவர்களை உள்ளூர்த் தொழிலாளர்கள் டோலியில் தூக்கிச் சென்றார்கள், அரிசி மூட்டை முதல் பியானோ வரை தலையிலும் தோளிலும் ஏறின. வத்தலக்குண்டு வழியான வாகனச் சாலை 1910-களில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. இந்தச் சாலை வந்த பிறகு மலையைப் பார்க்கும் முறையே மாறியது. ஒற்றையடிப் பாதையில் ஏறியவர் முள்காட்டையும், இலையுதிர் காட்டையும், மூங்கிலையும், சோலையையும் வரிசையாகக் கடந்து வந்தார். சாலையில் வருபவர் வளைவுகளை மட்டுமே கடந்து வருகிறார்.

அந்தப் பழைய அனுபவத்துக்கு மிக நெருங்கியது வட்டக்கானல், வெள்ளகவி, கும்பக்கரை என இறங்கும் பாதை. வட்டக்கானலில் இருந்து டால்பின் நோஸ் பாறை வரை கூட்டம் இருக்கும். வேர்கள் படிக்கட்டாகக் கிடக்கும் அந்த இறக்கத்தைத் தாண்டினால் நடமாட்டம் குறைந்துவிடும். வெகுகாலம் வாகனச் சாலையே எட்டாதிருந்த வெள்ளகவியில், ஊரையே கோயிலாக மதித்து ஊருக்குள் செருப்பு அணியாமல் நடப்பது மக்களின் வழக்கம். வெளியூரார் ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். காப்பி, மிளகு, பலா, எலுமிச்சை என்று பயிர்கள் உயரத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே வரும் இந்த இறக்கம், முழங்காலுக்கு ஏற்றத்தைவிடக் கடுமையானது. இதில் செல்வதற்கு முன் வனத்துறையிடம் அப்போதைய நிலையைக் கேட்டுக்கொள்வது அவசியம். அவ்வளவு உழைக்க விரும்பாதவர்கள் சுமார் 5 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஏரியை விடியற்காலையில் சுற்றி வரலாம். குறிஞ்சி ஆண்டவர் கோயில்வரை நடந்தால் வடக்குச் சரிவின் காட்சி கிடைக்கும். தெளிந்த நாளில் பழனிக் குன்று அங்கிருந்து தெரியும். 1936-இல் எழுந்த அக்கோயிலைக் கட்டியவர், இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவருமான லீலாவதி அம்மையார்.

பூம்பாறையின் அடுக்கு வயல்களும் மன்னவனூரின் மேய்ச்சல் வெளிகளும் மேல்மலையின் வேறு முகத்தைக் காட்டுகின்றன. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் நிலம் இது. கீழ்மலைக்குச் சுற்றுலாப் பயணிகள் அதிகம் வருவதில்லை. அது எனக்கு நியாயமாகப் படவில்லை. தாண்டிக்குடியைச் சுற்றிய காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்கள் இன்னும் நிற்பதால் பறவைகள் மிகுதி. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர்போன விருப்பாட்சி மலைவாழை இந்த உயரத்தில்தான் விளைகிறது. குளிர் தாங்காத முதியவர்களோடு வருபவர்களுக்குக் கீழ்மலைதான் ஏற்றது.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது குரங்கணியை மறக்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று, இத்தொடருக்குத் தென்மேற்கே போடிநாயக்கனூரை ஒட்டிய குரங்கணி மலையில், காய்ந்த புல்லில் பரவிய தீயில் சிக்கி மலையேற்றம் வந்த 23 பேர் உயிரிழந்தார்கள். புல்வெளித் தீ சரிவில் மேல்நோக்கிப் பரவும்போது மனிதர் ஓடும் வேகத்தை மிஞ்சிவிடும். தீக்கு மேற்புறத்தில் இருப்பவருக்குத் தப்பும் நேரம் மிகக் குறைவு. அந்தத் துயரத்துக்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகளை வகுத்தது. 2024 அக்டோபரில், 40 வழித்தடங்களில் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு செல்லும் திட்டத்தை வனத்துறை தொடங்கியது. தீப்பருவத்தில் தடங்கள் மூடப்படுவதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். குரங்கணியில் நடந்ததை அறிந்த எவரும் அப்படிச் சொல்லக் கூடாது. கொடைக்கானல் நகருக்குள்ளேயே காட்டுமாடுகள் மேய்கின்றன. பழகியவைபோல் தோன்றினாலும் அவற்றின் அருகே போய்ப் படம் எடுப்பது ஆபத்து. மழைக்காலச் சோலையில் அட்டைகள் ஏறும். உப்பும் நீண்ட காலுறையும் போதும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் சொந்த வாகனத்திலும் வாடகை வாகனத்திலும் வருவோர் இ-பாஸ் பெற வேண்டும். 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்தில் வருபவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. நடக்க வருபவருக்குப் பேருந்தே பொருத்தமானது.

மலையைக் காணக் காத்திருப்பவர்கள் பலரின் மனத்தில் இருக்கும் ஆண்டு 2030. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி கடைசியாக 2018-இல் பூத்தது. அதற்கு முன் 2006, 1994. பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் வரை நீடிக்கும் அந்தப் பூப்புக்குப் பின் செடிகள் மொத்தமாகக் காய்ந்து மடிகின்றன. அடுத்த தலைமுறை முழுவதும் அப்போது உதிரும் விதையை நம்பியே இருக்கிறது. பூத்த சரிவில் ஆயிரக்கணக்கானோர் இறங்கி மிதித்தாலும், கிளைகளை ஒடித்துச் சென்றாலும், இழப்பு அந்த ஓர் ஆண்டோடு முடியாது. அந்தச் சரிவு 2042-இலும் வெறுமையாகக் கிடக்கலாம். குறிஞ்சி வளர்வது புல்வெளியில். எஞ்சிய புல்வெளி மூன்றில் ஒரு பங்கு. ஆகவே 2030-இல் எத்தனை பேரை, எந்தச் சரிவுகளில், எந்தப் பாதையின் வழியாக நடக்க அனுமதிப்பது என்பதை வனத்துறையும் மேல்மலை ஊராட்சிகளும் இப்போதே பேசி முடிவு செய்ய வேண்டும். சீகை ஏறிவரும் குறிஞ்சிச் சரிவுகளில் அதை அகற்றும் பணியும் அந்தப் பூப்புக்கு முன்பே நடந்தாக வேண்டும்.